இன்னும் அறுநூற்று அறுபத்தொரு கற்கள்

மூன்று ஏக்கர் நிலத்தில் ஆறு இடங்களில் மட்டும் செடி உயிரோடு இருந்தது. அந்த ஆறு இடங்களும் வட்டமாக இருந்தன. ஒவ்வொன்றும் இருபதடி குறுக்களவு, கவராயம் வைத்து வரைந்ததுபோல. வட்டத்துக்குள் வாழைக்கன்று இடுப்பு உயரம் வளர்ந்திருந்தது. மூடுபயிர்க் கொடி காலில் சிக்கியது. வட்டத்தை விட்டு ஓர் அடி வெளியே வைத்தால் காய்ந்த தண்டு முறியும் சத்தம் கேட்டது.

பஞ்சாலை தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டு அந்த எல்லையில் நின்றாள். ஒரு செருப்பு பச்சையில், மறு செருப்பு சருகில். விதை ஒரே மூட்டையில் வந்தது. உரமும் அப்படித்தான். நட்ட அன்று ஊற்றிய தண்ணீரும் ஒரே குழாய்த் தண்ணீர். நவம்பர் மழையில் மூன்று ஏக்கரும் ஒன்றாகவே முளைத்தன. பிப்ரவரியில் மூன்று வாரம் ஒரு சொட்டு மழை இல்லை. முதல் வாரமே வட்டத்துக்கு வெளியே இருந்தவை மஞ்சளாகின. இரண்டாம் வாரம் காய்ந்தன. வட்டத்துக்குள் இருந்தவை எதுவும் நடக்காததுபோல வளர்ந்தன.

ஒவ்வொரு வட்டத்தின் நடுவிலும் இடுப்பளவு உயரத்தில் ஒரு வெள்ளைக் கான்கிரீட் கல் நின்றது. கல்லில் ஒரு சிவப்புக் கோடு. தரை சரியாக அந்தக் கோட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"மண்ணுக்குக் கண்ணு இருக்கா லா, கல்லப் பாத்து பாத்து வளக்குறதுக்கு?" என்றார் மாயாண்டி. முப்பது வருடம் லோரி ஓட்டி ஓய்ந்தவர். மோட்டார்சைக்கிளை விட்டு இறங்காமலே நிலத்தைப் பார்த்தார்.

"அதாண்ணே எனக்கும் தெரியல," என்றாள் பஞ்சாலை. தெரியவில்லை என்று சொல்வது அவளுக்குப் பிடிக்காத வேலை. செனாவாங் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம் ஷிப்டு பார்த்தவள். புது இயந்திரம் வந்தால் அதன் கையேட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிக்கிற ஒரே ஆள் என்பதால்தான் பதினெட்டுக் குடும்பங்களும் சேர்ந்து அவளைத் தங்கள் குழுவுக்குச் செயலாளராக்கின.

அந்தப் பதினெட்டுக் குடும்பத்தாரும் லுக்குட்டுக்குப் பக்கத்தில் இருந்த புக்கிட் மெராந்தி தோட்டத்துத் தொழிலாளர் லயங்களில் பிறந்தவர்கள். தோட்டத்தின் ஒரு பகுதியில் முன்பு லம்பம் என்கிற ஈயச் சுரங்கம் இருந்தது. ஈயத்தை அலசி எடுத்துவிட்டு மிச்ச மணலை அங்கேயே கொட்டிவிட்டுப் போனார்கள். பிறகு ஒரு கம்பெனி வந்து அந்த மணலிலும் பாதியை அள்ளிக்கொண்டு போனது. லயங்களை இடித்தபோது ஒரு வாக்குக் கொடுக்கப்பட்டது: லம்பத்து நிலம் சீராக்கப்பட்டால் அதில் மூன்று ஏக்கர், குடும்பத்துக்கு ஒரு பாத்தி என்று, காய்கறி போட உங்களுக்கு. நிலத்தைச் சீராக்கும் பொறுப்பு சுரங்க நில மீட்பு வாரியத்தினுடையது.

வாக்கில் ஒரு நிபந்தனை இருந்தது. டிசம்பர் மாத இறுதிச் சோதனையில் நிலத்தின் நூற்றுக்கு எழுபது பங்கு பச்சையாக இருக்க வேண்டும். இல்லையென்றால் அது 'பயிருக்கு உதவாத நிலம்' என்று அறிவிக்கப்பட்டு, கொள்கலன்கள் அடுக்கும் முற்றமாகிவிடும். முற்றத்துக்காக அளந்து பார்க்க ஓர் ஆள் ஏற்கெனவே இரண்டு தடவை வந்து போயிருந்தான்.

பஞ்சாலை சிரம்பானில் இருந்த வாரிய அலுவலகத்துக்குப் போனாள். கீழ்மாடியில் மண் பிரிவு. மூன்றாம் மாடியில் செடிப் பிரிவு. இரண்டையும் ஒரு மின்தூக்கி இணைத்தது. அது பழுதாகி எட்டு மாதம் ஆகியிருந்தது.

மண் பிரிவின் துணை இயக்குநர் சிவசிதம்பரம் நல்ல மனிதர். நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். கோப்பைத் திறந்து மூடினார்.

"அம்மா, உங்கட மண் சோதனையில் பாஸ்."

"செடி செத்துப்போச்சு சார்."

"செடி மூன்றாம் மாடி."

மூன்றாம் மாடியில் அனுஷியா என்ற தொழில்நுட்ப அதிகாரி இருந்தாள். இருபத்தேழு வயது இருக்கும். படியேறி மூச்சு வாங்கிய பஞ்சாலைக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு, டிரோன் எடுத்த படத்தைத் திரையில் காட்டினாள். பழுப்பு நிறத்தில் ஒரு பெரிய சதுரம். அதன்மேல் ஆறு பச்சைப் பொட்டுகள்.

"நூத்துக்கு ஒன்னு புள்ளி நாலு பங்குதான் பச்சை அக்கா. எழுபது வேணும்."

"மண்ணுல ஏதோ இருக்கும்மா. அத எழுதிக் குடு."

அனுஷியா அச்சிட்ட அறிக்கைப் பாரத்தைத் திருப்பிக் காட்டினாள். "இதுல விதைக்கு ஒரு கட்டம் இருக்கு, உரத்துக்கு இருக்கு, பூச்சிக்கு இருக்கு, ஆட்டுக்குக்கூட இருக்கு. மண்ணுக்கு இல்ல அக்கா. மண்ணு கீழ்மாடி."

பஞ்சாலை மறுபடியும் கீழே இறங்கினாள்.

"இரண்டடி ஆழத்துக்கு நல்ல மண் போட வேண்டும் என்பது விதி," என்று சிவசிதம்பரம் பொறுமையாக விளக்கினார். "அதை எப்படி அறிவது? அதற்குத்தான் அளவுக்கல். கல்லின் அடியிலிருந்து சிவப்புக் கோடு வரை சரியாக இரண்டடி. மண் கோட்டைத் தொட்டால் ஆழம் இரண்டடி. ஆறு கல்லிலும் தொடுகிறது. படம் இருக்குது, கையெழுத்து இருக்குது. விளங்குதோ?"

"கல்லுக்கும் கல்லுக்கும் நடுவுல எவ்வளவு சார் இருக்கு?"

சிவசிதம்பரம் அவளை இரக்கத்துடன் பார்த்தார். "நடுவில் எப்படியம்மா அளக்கிறது? அங்கே கல் இல்லையே."

ஏப்ரலில் மண் பிரிவே நேரில் வந்தது. சோதனைக்கென்று ஒரு பாதை உண்டு. அது முதல் கல்லிலிருந்து இரண்டாம் கல்லுக்கும், அங்கிருந்து மூன்றாவதற்கும் போகும். குழு அந்தப் பாதையில் நடந்தது. ஒவ்வொரு கல்லிலும் நின்று, கோட்டைப் பார்த்து, படம் எடுத்து, குடையின்கீழ் இளநீர் குடித்தது. ஆறாவது கல்லுக்கு வந்தபோது சிவசிதம்பரம் நிலம் முழுவதையும் ஒருமுறை சுற்றிப் பார்த்தார். முதல் தடவையாக அவர் கண்ணில் அந்த உண்மை பட்டது.

"கவனித்தீர்களா," என்றார் தழுதழுத்த குரலில். "கல் இருக்கிற இடத்தில்தான் செடி இருக்கிறது."

குழு கவனித்தது. ஒருவர் எழுதிக்கொண்டார்.

"இத்தனை வருடமாக அளவுக்கல்லை நாம் வெறும் அளக்கிற சாமானாகவே நினைத்திருந்தோம். அது வளர்க்கிறது. மற்ற வாரியங்கள் விதையை நம்பின, மழையை நம்பின. நாம் ஒரு கல்லை நட்டோம், இருபதடிக்குப் பசுமை வந்தது. இதற்கு விஞ்ஞானக் காரணம் இருக்கத்தான் வேண்டும். அதைக் கண்டுபிடிக்கும் வரையில் இதை நாம் தலைமைத்துவத்தின் விளைவு என்று குறிப்பிடலாம்."

"சார், கல்லுக்கு அடியில தோண்டிப் பாத்தா..." என்று ஆரம்பித்தாள் பஞ்சாலை.

"கல்லை யாரும் தொடக்கூடாது," என்றார் அவர் அவசரமாக.

அடுத்த இரண்டு மாதம் வாரியம் கல்லை ஆராய்ந்தது. மூன்றாம் கல்லிலிருந்து விரல் நகமளவு கான்கிரீட்டைச் சுரண்டி ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார்கள். அது கான்கிரீட் என்று பதில் வந்தது. வெள்ளைச் சாயத்தில் சுண்ணாம்பு இருக்கலாம் என்று எல்லாக் கல்லுக்கும் இன்னொரு பூச்சு அடித்தார்கள். வேறு மாநிலத்து வாரியத்திலிருந்து இருவர் வந்து கல்லின் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

இதற்கிடையில் பதினெட்டுக் குடும்பங்களில் ஒருத்தியான மயிலம்மாள் நான்காம் கல்லுக்கு மஞ்சள் துணி கட்டினாள். பஞ்சாலை ஏன் என்று கேட்டபோது, "சுத்தி எல்லாம் செத்துக் கெடக்கு, இது ஒன்னு பச்சையா நிக்குது. சும்மாவா நிக்கும்?" என்றாள். தினமும் காலையில் ஒரு செம்பு பாலும் ஒரு வாளி தண்ணீரும் ஊற்றினாள். ஜூன் வெயிலில் மற்ற ஐந்து வட்டங்களும் கொஞ்சம் வாடின. நான்காவது வாடவில்லை.

வாரியத்திலிருந்து கடிதம் வந்தது. அனுமதியின்றி அளவுக்கல்லை அலங்கரித்தது விதிமீறல் என்றது முதல் பத்தி. நான்காம் கல்லின் வளர்ச்சி சிறப்பாக இருப்பதால், மீதமுள்ள ஐந்து கற்களுக்கும் பதினான்கு நாளுக்குள் மஞ்சள் துணி கட்டப்பட வேண்டும் என்றது இரண்டாம் பத்தி. துணியின் நீள அகலம் இணைப்பில் இருந்தது. வாளித் தண்ணீர் பற்றி எதுவும் இல்லை.

கடிதத்தைப் படித்த அன்று மாலையே பஞ்சாலை மண்வெட்டியை எடுத்துக்கொண்டு நிலத்துக்குப் போனாள். கல்லைத் தொடவில்லை. இரண்டு கற்களுக்கு நடுவில் தோண்டினாள்.

சிவப்பு மண் ஒரு சாண் ஆழம் வரை வந்தது. அதற்குக் கீழே வெள்ளை மணல். அவ்வளவுதான். காய்ந்துபோன ஒரு வாழைக்கன்றை வேரோடு தூக்கிப் பார்த்தாள். வேர் ஒரு சாண் நேராக இறங்கி, மணலைத் தொட்ட இடத்தில் பக்கவாட்டில் திரும்பியிருந்தது. கதவு பூட்டியிருப்பதைக் கண்டு திரும்பிய ஆள் மாதிரி. பிறகு வட்டத்தின் ஓரத்தில், கல்லிலிருந்து ஒன்பதடி தள்ளித் தோண்டினாள். ஒரு சாண், இரண்டு சாண், இன்னும் சிவப்பு. கையை முழங்கை வரை குழிக்குள் விட்டும் மணல் தட்டுப்படவில்லை.

மறுநாள் மாயாண்டி லுக்குட்டில் ஒரு பட்டறைக்குப் போய், நிலத்துக்கு மண் ஏற்றிவந்த பழைய லோரிக்கார நண்பர்களுக்குக் கோப்பி வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தார்.

"அவனுங்களுக்கு என்னா ஆர்டருன்னா, கல்லச் சுத்தி பத்தடிக்குக் குழி வெட்டி, கோடு தொடுற வரைக்கும் நல்ல மண்ணு. மத்த எடத்துக்கு மணலு தெரியாம மூடுனா போதும். மேல ஒரே மட்டமாத் தட்டிட்டானுங்க. எவனுக்குத் தெரியும்?"

இப்போது பஞ்சாலைக்கு எல்லாம் விளங்கியது. விளங்கியதை அடுத்தவருக்கு விளக்காமல் அவளால் இருக்க முடியாது. தீபாவளிக்கு முறுக்குப் போட்டுவைக்கும் சிவப்பு மூடி ஜாடிகள் இரண்டை எடுத்து, அடியில் ஆணியால் ஓட்டை போட்டாள். ஒன்றில் முழுக்க மண். இன்னொன்றில் முக்கால்வாசி மணல், மேலே கொஞ்சம் மண். இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் சிரம்பானுக்குப் போய், சிவசிதம்பரத்தின் மேசையில் தட்டின்மேல் வைத்தாள்.

"சார், மண்ணுங்கிறது செடிக்குத் தண்ணித் தொட்டி. மழை பேஞ்சா ரொம்பும், வெயிலடிச்சா செடி அதுலேருந்து குடிக்கும். ரெண்டடி மண்ணு பெரிய தொட்டி, மூனு வாரம் தாங்கும். ஒரு சாணு சின்னத் தொட்டி. அஞ்சாறு நாள்ல காலி. கீழ இருக்கிற மணலு சல்லட மாதிரி, தண்ணிய நிக்கவே விடாது. இப்பப் பாருங்க."

ஒவ்வொரு ஜாடியிலும் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றினாள். மண் ஜாடி தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு சும்மா இருந்தது. மணல் ஜாடியின் அடியிலிருந்து அவள் இருபது எண்ணுவதற்குள் ஒழுக ஆரம்பித்து, தட்டு நிறைந்து, மேசையில் ஓடி, மஞ்சள் துணி பற்றிய கோப்பை நனைத்தது.

சிவசிதம்பரம் கோப்பைத் தூக்கிப் பிடித்தபடி குனிந்து ஜாடியின் அடியைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்று பஞ்சாலை நினைத்தாள்.

"இந்த மண் எங்கே எடுத்தது?"

"கல்லுக்கும் கல்லுக்கும் நடுவுல சார்."

"அப்படியென்றால் அது எங்கட மண் இல்லை அம்மா. கல்லில்லாத இடத்து மண் அளவில் சேராது. அளவில் சேராததை நான் எப்படிக் குறைவு என்று எழுதுவது? இன்னொன்று. சான்றிதழ் பெற்ற நிலத்தை நீங்கள் தோண்டியிருக்கிறீர்கள். அதற்குக் கடிதம் வரும்."

"இன்னும் கொஞ்சம் மண்ணு போட்டுக் குடுங்க சார். அது மட்டும்தான் கேக்குறேன்."

"போதுமான மண் போட்டாச்சு என்று நானே கையெழுத்து வைத்திருக்கிறேன். இப்போது இன்னும் மண் என்று எழுதினால், அந்தக் கையெழுத்து யாருடையது என்று கேட்பார்கள் தானே?"

அவள் ஜாடிகளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். பேருந்து நிறுத்தத்தில் வைத்து மணல் ஜாடியைக் குப்பைத்தொட்டியில் எறியப் போனாள். நல்ல ஜாடி என்பதால் எறியவில்லை.

கடிதம் வந்தது. தோண்டிய குழிகளை எந்த விதியின்படி மூடப்போகிறாள் என்று எழுத்துமூலம் விளக்கம் கேட்டது. விதி தெரியாமல் எப்படி எழுதுவது? மூன்றாம் மாடிக்கு ஏறினாள். அனுஷியா ஓர் அலமாரியின் அடித்தட்டிலிருந்து 'அளவுக்கல் கையேடு' என்ற புத்தகத்தைத் தூசி தட்டிக் கொடுத்தாள். இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம்.

"யாரும் படிச்சதில்ல அக்கா. பாத்துப் படிங்க, பக்கம் ஒட்டியிருக்கும்."

பஞ்சாலை முதல் பக்கத்திலிருந்து படித்தாள். எண்பத்தெட்டாம் பக்கத்தில், ஏக்கருக்கு இரண்டு கற்களுக்குக் குறையக்கூடாது என்றிருந்தது. எத்தனைக்கு மேல் கூடாது என்று எங்கும் இல்லை. தொண்ணூற்றொன்றாம் பக்கத்தில், புதிய கல் நடும்போது அதைச் சுற்றிப் பத்தடி தூரத்துக்கு இரண்டடி ஆழம் தோண்டி நல்ல மண்ணால் நிரப்புவது வாரியத்தின் கடமை என்றிருந்தது. அந்தப் பக்கத்தை மூன்று முறை படித்தாள். பிறகு எழுந்து போய்த் தோசைக்கல்லை அடுப்பில் வைத்தாள்.

மாயாண்டி வந்தபோது மேசை முழுவதும் தோசையாக இருந்தது. ஒரே அளவு, ஒவ்வொன்றும் பத்து அங்குலம்.

"யாருக்கும்மா இவ்வளவு?"

"உக்காருங்கண்ணே. இந்தத் தோசதான் கல்லச் சுத்தி இருக்கிற வட்டம். நாலு தோசய ஒன்ன ஒன்னு தொடுற மாதிரி வச்சா நடுவுல ஒரு சந்து வுழுது பாருங்க. அந்தச் சந்துல செடி செத்துரும். அதனால கிட்டக் கிட்ட இழுக்கனும், ஒன்னு மேல ஒன்னு ஏறட்டும். இப்பச் சந்து மூடிருச்சா? நடுவுலேருந்து நடுவுக்கு எவ்வளவு?"

மாயாண்டி அளவு நாடாவைப் பிடித்தார். "ஏழு அங்குலம்."

"பத்து அங்குலத் தோசைக்கு ஏழு. அப்ப இருபதடி வட்டத்துக்குப் பதினாலடி. மூனு ஏக்கரு முழுக்கப் பதினாலடிக்கு ஒரு கல்லுன்னு வச்சா அறுநூத்தி அறுபத்தேழு. ஆறு இருக்கு. இன்னும் அறுநூத்தி அறுபத்தொன்னு வேணும்."

"மண்ணு குடுன்னு கேட்டே தரல. இதத் தருவானா?"

"கல்லு அவங்க பெத்த புள்ளண்ணே. மண்ணு யாரு பெத்ததோ."

மாயாண்டி ஒரு தோசையை மடித்து வாயில் போட்டார். "இப்ப ஒன்னு கொறஞ்சிருச்சு, பரவால்லயா?"

விண்ணப்பத்தில் 'காரணம்' என்ற கட்டத்தில் பஞ்சாலை இரண்டு வாக்கியம் எழுதினாள். கல் உள்ள இடத்தில் செடி வளர்கிறது. கல் இல்லாத இடத்தில் வளரவில்லை. இரண்டும் உண்மை.

அதைப் படித்த சிவசிதம்பரம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வெறும் ஜாடியைத் தூக்கிக்கொண்டு வந்த நீங்கள் இன்றைக்குக் கல்லை நம்புகிறீர்கள்," என்றார். ஒப்புதல் பதினோரு நாளில் வந்தது. வாரியத்தின் வரலாற்றில் அதுவே மிக விரைவான ஒப்புதல் என்று கடிதத்திலேயே குறிப்பிடப்பட்டிருந்தது. ஏக்கருக்கு இருநூற்று இருபத்திரண்டு கல் என்பது நாட்டிலேயே இதுவரை எட்டப்படாத அடர்த்தி என்றும் இருந்தது.

ஆகஸ்டில் லோரிகள் வந்தன, கல்லுக்கு ஒன்று வீதம். மேற்பார்வையாளர் விதியை மதிப்பவர். ஒவ்வொரு வட்டத்தையும் தனித்தனியாகத் தோண்டச் சொன்னார். வட்டங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருந்ததால், காலையில் நிரப்பிய நல்ல மண்ணை மத்தியானம் தோண்டி எடுத்து, அதே இடத்தில் வேறு நல்ல மண்ணைப் போட்டார்கள். பஞ்சாலை வரப்பில் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தாள். மூன்றாம் நாள் இயந்திரம் ஓட்டுபவன் சலித்துப்போய், ஒரு வரிசையை மொத்தமாக இரண்டடி வெட்டி, மொத்தமாக நிரப்பி, பிறகு வரிசையாகக் கற்களை நட்டான். மேற்பார்வையாளர் சிவப்புக் கோடுகளை மட்டும் பார்த்தார். எல்லாம் தொட்டன.

செப்டம்பர் கடைசியில் நட்டார்கள். கொடி, வாழை, மரவள்ளி. அக்டோபரில் மழை வந்தது. நவம்பர் நடுவில் பதினேழு நாள் மழையே இல்லை. பதினாறாம் நாள் பஞ்சாலை விடிந்ததும் போய், நான்காம் கல்லிலிருந்து வேலி வரை நடந்து பார்த்தாள். எங்கேயும் தண்டு முறியும் சத்தம் கேட்கவில்லை. மயிலம்மாள் ஏற்கெனவே கல் வரிசைகளில் பயற்றங்கொடியை ஏற்றிவிட்டிருந்தாள். கொடிக்குக் கம்பு தேட வேண்டியதில்லை என்பதில் அவளுக்கு மகிழ்ச்சி.

டிசம்பரில் டிரோன் பறந்தது. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது. மிச்சம் ஒன்றும் கற்களின் தலைகள் என்றாள் அனுஷியா.

நிலத்தை ஒப்படைக்கும் விழாவில் சிவசிதம்பரம் நாற்பது நிமிடம் பேசினார். "மண்ணைப் பற்றி எல்லாரும் பேசுவார்கள். மண்ணில் யாரும் எதையும் எழுத முடியாது. கல்லில் கோடு போடலாம், எண் போடலாம், பச்சையும் வளர்க்கலாம் என்று இன்றைக்கு நிரூபித்திருக்கிறோம். அடுத்த ஆண்டு, மண் கிடைக்காத இடங்களில் வெறும் கல்லை மட்டும் நட்டுப் பார்க்கும் திட்டம் வாரியத்திடம் உள்ளது."

மாயாண்டி பஞ்சாலையின் பக்கம் சாய்ந்தார். "அது எந்தத் தோட்டமோ பாவம்."

பதினெட்டுக் குடும்பங்களுக்கும் பாத்தி எண் எழுதிய அட்டைகள் கொடுக்கப்பட்டன. பஞ்சாலை தன் அட்டையை இருமுறை படித்துவிட்டுப் பைக்குள் வைத்தாள். கூட்டம் கலைந்தபோது அனுஷியா ஒரு பாரத்தோடு வந்தாள். செடிப் பிரிவின் இறுதி அறிக்கை. அதன் கடைசிப் பக்கத்தின் அடியில், அச்சில் இல்லாத ஒரு கட்டத்தைப் பேனாவால் வரைந்திருந்தாள். கட்டத்துக்கு மேல் 'மண்' என்று எழுதியிருந்தது.

"இந்தமாதிரி இன்னும் ஒம்பது லம்பத்து நெலம் எங்க லிஸ்ட்ல இருக்கு அக்கா. இங்க பச்ச எப்படி வந்துச்சுன்னு யாராச்சும் கேட்டா காட்டனும். நீங்களே எழுதுங்க. கட்டம் சின்னதுதான்."

பஞ்சாலை பாரத்தை ஒரு கல்லின் தலைமேல் வைத்து எழுதினாள்.

'மணலுக்கு மேல் இரண்டடி ஆழம் நல்ல மண். கல்லைச் சுற்றி மட்டுமல்ல, எல்லா இடத்திலும்.'